நடுங்காத விரல்

இன்று திங்கட்கிழமை என்று பரக்கத் நிஷா தட்டச்சு செய்தாள். சான்றுத் தகட்டின் மேல் கட்டைவிரலை வைத்தாள். மூன்று விநாடிகள். திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

அன்று திங்கட்கிழமைதான்.

காலையில் எழுதும் முதல் வாக்கியம் பயிற்சிக்கானது. அதன் மதிப்பெண் எங்கும் சேராது. விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். இருபத்தொன்பது.

அவளுடைய கைப்பையில் அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்று இருந்தது. சனிக்கிழமை எழுதப்பட்டது. பெண் குழந்தை. ஏழு வாரம். எடை 3.450. வரும்போதே உயிர் இல்லை.

திரையில் அதே குழந்தையின் பக்கத்தைத் திறந்தாள். எடை 2.700. எடுத்தது வெள்ளிக்கிழமை. எடுத்தவர் செவிலியர் இசக்கியம்மாள். மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.

எந்தக் குழந்தையும் ஒரே நாளில் முக்கால் கிலோ ஏறாது.

அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவந்தது குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கான புதிய சொட்டு மருந்து. திருநெல்வேலி, கானா, பெரு, மூன்று இடங்களில் சோதனை நடந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நூறு குழந்தைகள். சொட்டு குழந்தையைத் தேற்றியது. சில குழந்தைகளுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும் என்று தொடக்கத்திலேயே ஓர் ஐயம் இருந்தது. அப்படிக் கோத்தால் எடை திடீரென்று ஏறும், பிறகு இதயம் தாங்காது. அதற்காகவே வாராவாரம் எடை பார்த்தார்கள். ஒரே வாரத்தில் நானூறு கிராமுக்கு மேல் ஏறிய குழந்தைகள் ஐந்து பேர் ஆனால், சொட்டு எல்லா நாட்டிலும் தானாகவே நின்றுவிடும். யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அந்த விதியை எழுதியவர்களில் நிஷாவும் ஒருத்தி.

ஒரு குழந்தைகூட நானூறைத் தாண்டவில்லை. மதிப்பெண் பெற்ற எண்கள் அப்படித்தான் சொல்லின.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு ஆய்வு மைய இயக்குநர் ஞானதுரையின் அறைக்குப் போனாள். அவர் கதவைச் சாத்தினார். கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தார். சீட்டைத் தொடாமல் குனிந்து படித்தார்.

"இது நம்பரே இல்ல, நிஷா."

"சார், ஆஸ்பத்திரித் தராசுல காட்டினது."

"தகட்டுல ஏறாத எதுவும் நம்பர் இல்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இதய மருந்து பதினொரு நாடுகளில் விற்பனைக்கு வந்தது. அதைக் கொடுத்துச் சோதித்ததாகச் சொல்லப்பட்ட நோயாளிகளில் ஒருவர்கூட உலகத்தில் இல்லை என்று பின்னால் தெரிந்தது. இரத்த அழுத்தம், படங்கள், ஒப்புதல் கையெழுத்து, எல்லாவற்றையும் இயந்திரம் எழுதியிருந்தது. அதன் பிறகு முப்பத்தெட்டு நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. இயந்திரம் தானாக அனுப்பும் எந்த எண்ணும் இனிச் செல்லாது. கண்ணால் பார்த்த மனிதர் எண்ணை எழுதி விரலை வைக்க வேண்டும். நாடித்துடிப்பு, வியர்வை, நடுக்கம் மூன்றையும் தகடு படிக்கும். மனிதர் பொய் சொன்னாலும் உடம்பு சொல்லாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. முதல் ஆண்டிலேயே ஆய்வு மோசடி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அப்போது மாணவியாக இருந்த நிஷா அதைப் பாராட்டிக் கட்டுரை எழுதினாள்.

"நானே இதை ஏத்திடுறேன் சார். நான் பாத்த சீட்டு, நான் பாத்த எடைன்னு."

"காலையில பயிற்சிக்கு எவ்வளவு வந்துச்சு?"

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ஏற்கெனவே ரெண்டு இருக்கு உங்களுக்கு," என்றார் ஞானதுரை.

ஓராண்டில் மூன்று முறை நாற்பதுக்குக் கீழே போனால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். நீக்கப்பட்டவரோடு கடந்த ஐந்தாண்டுகளில் சேர்ந்து கையெழுத்திட்ட எல்லோருடைய ஆய்வுகளும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். நிஷாவின் முதல் சறுக்கல் வாப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மறுநாள். இரண்டாவதற்குக் காரணம் எதுவும் இல்லை. முதல் சறுக்கலின் நினைவுதான் காரணம்.

"பொய் சொல்றவன் பயப்படுவான்னு கண்டுபிடிச்சாங்க. சரிதான்," என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்படுறவன்லாம் பொய் சொல்றான்னு யாரும் சொல்லல. ஆனா இந்தச் சனியன் அதைத்தான் சொல்லுது. இதை நான் சொன்னதா எங்கேயும் சொல்லிடாதீங்க."

பிறகு அவர் வில்சனின் பெயரைச் சொன்னார். வில்சன் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தவன். போன ஆண்டு நீக்கப்பட்டான். காசநோய் பற்றிய அவனுடைய எண்களில் பிழை ஒன்றும் இல்லை என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அவன் ஊரைவிட்டே போயிருந்தான். யாரும் அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை. நிஷாவும் பேசவில்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டம் முடியட்டும்," என்றார் ஞானதுரை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொட்டை இன்னும் பதினொரு நாடுகளுக்குக் கொடுப்பதாக இருந்தது.

மறுநாள் அவள் கானாவில் இருக்கும் அபேனாவை அழைத்தாள். அபேனா அங்கே இவளைப் போலவே எண்களைப் பார்ப்பவள். முதலில் வானிலை பற்றிப் பேசினாள். வேறு அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். அங்கே நான்கு குழந்தைகள் வீங்கின. இரண்டு இறந்தன. செவிலியர்கள் பார்த்ததை எழுதினார்கள். செத்த குழந்தையின் எடையை எழுதும்போது யாருக்குத்தான் கை நடுங்காது? முப்பத்தைந்து, இருபத்தெட்டு என்று மதிப்பெண் வந்தது. அந்த எண்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு செவிலியர் நீக்கப்பட்டாள். மற்றவர்கள் எழுதுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

உங்கள் ஊர் எண்கள் மிக அழகாக இருக்கின்றன என்றாள் அபேனா. அதில் பொறாமை இருந்ததா வேறு எதுவும் இருந்ததா என்று நிஷாவுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அவள் கணக்கிட்டுப் பார்த்தாள். மூன்று நாடுகளிலும் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கிய எண்களில் பாதிக்குமேல் ஒரே விரலிலிருந்து வந்திருந்தன.

புதன்கிழமை இசக்கியம்மாளுடன் ஊருக்குள் போனாள்.

இசக்கியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலோர ஊர்கள் ஏழும் அவள் பொறுப்பு. தராசையும் தகட்டையும் ஒரு வயர் கூடையில் வைத்திருந்தாள். தகட்டைக் கல்லு என்று சொன்னாள். ஒப்பந்தத் தலைமையகம் வெளியிட்ட கையேட்டின் அட்டையில் அவள் படம் இருந்தது. அதில் அவள் சிரிக்கவில்லை. படம் எடுக்கவன் சிரிக்கச் சொன்னான், நான் அவன எங்க பாத்தேன் என்றாள்.

இறந்த குழந்தையின் வீட்டைக் கடக்கும்போது அவள் நடையை விரைவுபடுத்தினாள். நான்கு வீடு தள்ளி ஓர் ஆண் குழந்தை. தூளியிலிருந்து எடுத்துத் தராசில் கிடத்தினார்கள். கிடத்தியவுடன் தாய் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் அடுக்களைக்குள் போய்விட்டாள். இசக்கியம்மாள் முந்தானையை இழுத்துத் தராசின் எண்களை மறைத்து, அதற்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள்.

நிஷா அவளுக்குப் பின்னால் நின்றாள். சேலை மெல்லியது. உள்ளே எரிந்த சிவப்பு எண் வெளியே தெரிந்தது. 3.900.

இசக்கியம்மாள் 3.300 என்று எழுதினாள். கட்டைவிரலைத் தகட்டில் வைத்தாள். குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதுபோல வைத்தாள். தொண்ணூற்றெட்டு.

நிஷா குழந்தையின் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. சொட்டு மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி சொன்னாள். ஒரு புட்டி. இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் புட்டிகள் வெளியே இருந்தன.

துணை சுகாதார நிலையத்தின் பின்சுவர் நிழலில் நின்றபோது கேட்டாள்.

"யக்கா, தராசுல மூணு தொள்ளாயிரம் காட்டிச்சு."

"ஆமா."

"மூணு முந்நூறுன்னு போட்டீங்க."

"பின்ன?" இசக்கியம்மாள் அவளை வியப்போடு பார்த்தாள். "ஏறுன பிள்ளைக்கு ஏறுனத அப்படியே சொல்லுவாவளா? உங்க வீட்ல சொல்லுவாவளா, நிஷாம்மா?"

மாட்டார்கள். மேலப்பாளையத்தில் நிஷாவின் மகன் கொழுகொழுவென்று இருந்த காலத்தில், யார் கேட்டாலும் பிள்ளை இளைச்சுப் போச்சு என்றுதான் அவளுடைய உம்மா சொன்னாள். நிஷாவும் அப்படித்தான் சொன்னாள்.

"எவ்வளவு குறைப்பீங்க?"

"அது பிள்ளையப் பொறுத்து. கொஞ்சம் ஏறுனா கொஞ்சம். நெறைய ஏறுனா நெறைய."

"ஏறாத பிள்ளைக்கு?"

"அதுக்கு என்னத்தக் குறைக்க? உள்ளத உள்ளபடி போடுவேன். நான் என்ன பொய்யா எழுதுதேன்?"

நிஷா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளும் மற்றவர்களும் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய விதி ஒன்றே ஒன்றைத் தேடியது. நிறைய ஏறிய பிள்ளையை. இந்தப் பெண் அதை மட்டும் பிசகாமல் மறைத்திருந்தாள்.

இறந்த பெண் குழந்தையைப் பற்றி இசக்கியம்மாள் தானாகவே பேசத் தொடங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை காற்று பலமாக இருந்தது. முந்தானை விலகிவிட்டது. குழந்தையின் அத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். மூணு நானூறா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"மறுநா பிள்ள போயிட்டு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தப்புதான். முந்திய இறுக்கிப் பிடிச்சிருக்கணும். அதுலருந்து எல்லாத்துக்கும் கூடவே குறைக்கேன்."

நிஷாவின் நாக்கில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நீங்கள் குறைத்ததால்தான். அதைச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு இந்த விரலும் நடுங்கும். கானாவின் விரல்களைப் போல, தன் விரலைப் போல, இதுவும் நாற்பதுக்குக் கீழே போகும். தகடு நம்பக்கூடிய விரல் வேறொன்று அவளிடம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

வாக்குமூலம் கொடுப்பவருக்கு எதற்காக என்று முழுவதும் சொல்லிவிட்டே வாங்க வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் விதி அது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் செவிலியர்களை உட்கார வைத்து நிஷாதான் அந்த வகுப்பை எடுத்தாள். இசக்கியம்மாள் முதல் வரிசையில் உட்காருவாள்.

"யக்கா, சரியான எடையெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"பெத்தவ மறந்தாலும் நான் மறப்பேனா?"

"அதையும் ஏத்தணும். தனியா. பேரு போகாது, நம்பர் மட்டும்தான் போகும். பேரு தெரியாத பிள்ளைக்குக் கண்ணு படாதுல்லா."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

"எதுக்காம்?" என்றாள் இசக்கியம்மாள்.

"கணக்குக்கு."

இசக்கியம்மாள் வயர் கூடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பேரு போகாதுல்லா என்று மறுபடி கேட்டாள். போகாது என்றாள் நிஷா.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தார்கள். அறுபத்து மூன்று குழந்தைகள். இசக்கியம்மாள் கண்ணை மூடி ஒவ்வொரு குழந்தையாக நினைத்துப் பார்த்து வாரவாரியாக எடையை எழுதினாள். பொட்டு வைப்பதுபோல விரலை வைத்தாள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றொன்பது. நிஷா நாற்காலியைத் தள்ளிப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். தன் பயம் அவளுக்குத் தொற்றிவிடும் என்று பயந்தாள்.

பத்தொன்பதாவது குழந்தையோடு நானூறைத் தாண்டியவை ஐந்து ஆயின. திரையின் மேல்விளிம்பில் சிவப்பாக ஒரு வரி ஓடியது. சொட்டு மூன்று நாடுகளிலும் நின்றது. நிஷா எழுந்து போய், வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லித் திரையின் மேல்பாதியை ஒரு தாளால் மறைத்தாள். இசக்கியம்மாள் தலையாட்டினாள். தொடர்ந்து எழுதினாள்.

கடைசியாக அந்தப் பெண் குழந்தையின் பக்கம் வந்தது.

"இதுக்கும் போடணுமா?"

"போடணும்."

"செத்த பிள்ளைக்கு என்ன கண்ணு," என்றாள் இசக்கியம்மாள். 2.450. 2.900. 3.400. தொண்ணூற்றொன்பது.

மாலைக்குள் பதினொரு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டன. கானாவிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் விசாரணையாக மாறியது. குறைத்து எழுதிய எடைகள் சொட்டின் தீங்கை மறைத்துவிட்டன என்று காலையிலேயே தலைமையகத்தின் அறிவிப்பு வந்திருந்தது. அதை ஞானதுரை இசக்கியம்மாளுக்குப் படித்துக் காட்டினார். நிஷா வந்தபோது அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. நிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன பிள்ளைய?" என்றாள் இசக்கியம்மாள்.

"பதினொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு. தேறிரும்."

"நான் கேட்டது போனத."

"நம்ம பக்கம் ஒண்ணு."

இசக்கியம்மாள் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நேத்தே சொல்லிருக்கலாம்லா, நிஷாம்மா."

"சொல்லிருந்தா உங்க விரல் நடுங்கிருக்கும்."

"ஆமா," என்றாள் அவள். "நடுங்கிருக்கும்."

உள்ளே கூட்ட அறைத் திரையில் ஒரு நடுவயதுக்காரர் தோன்றினார். விசாரணை அதிகாரி. அவர் எந்த மொழியில் பேசினாரோ தெரியவில்லை, மொழிபெயர்க்கும் குரல் அச்சுத் தமிழில் பேசியது. வணக்கத்திற்குரிய செவிலியர் அவர்களே என்று தொடங்கியது. எடையைக் குறைத்து எழுதியதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டது. இசக்கியம்மாள் ஒப்புக்கொண்டு விரலை வைத்தாள். அறுபத்தாறு. அவள் வாங்கியதிலேயே குறைந்த மதிப்பெண் அது. அவளுடைய பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்று குரல் மரியாதையாகச் சொன்னது.

பிறகு இன்னொரு கேள்வி. நேற்று நீங்கள் திருத்திய எடைகளைக் கொடுப்பதற்கு முன், அவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதும் குழந்தையின் இறப்புக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பும் உங்களுக்கு விளக்கப்பட்டனவா? விளக்கப்படவில்லை என்றால் அந்த வாக்குமூலம் வஞ்சித்துப் பெறப்பட்டதாகும். திருத்திய எடைகள் அனைத்தும் செல்லாதவை ஆகும். மருந்தின் மீதான தடை இன்றே நீங்கும்.

ஞானதுரை தரையைப் பார்த்தார். நிஷாவின் உள்ளங்கையிலிருந்து வியர்வை வடிந்து மேசையில் சொட்டியது.

இசக்கியம்மாள் நிஷாவைப் பார்க்கவில்லை. விரலைச் சேலையில் துடைத்தாள்.

"சொன்னாவ," என்றாள். "எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிட்டுத்தான் கேட்டாவ."

விரலைத் தகட்டில் வைத்தாள். மெதுவாக, பொட்டு வைப்பதுபோல. ஒன்று. இரண்டு. மூன்று.

தொண்ணூற்றேழு.

குரல் நன்றி கூறியது. பிறகு நிஷாவின் பெயரைச் சொன்னது. தாங்கள் விளக்கினீர்களா?

மூன்றாவது சறுக்கல் இதுதான் என்று அவள் நினைத்தாள். அவள் பெயர் போகும். ஞானதுரையின் ஆய்வுகள் நிற்கும். சொட்டு திரும்ப வரும். நினைத்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தாள். இசக்கியம்மாளின் முந்தானை நுனி தகட்டின் மேல் பாதி விழுந்து கிடந்தது. நிஷா அதை எடுத்து அவள் மடியில் போட்டாள். ஆம் என்று தட்டச்சு செய்தாள். விரலை வைத்தாள்.

தொண்ணூற்று நான்கு.

ஞானதுரை மூச்சு விடுவது கேட்டது. விசாரணை முடிந்தது. சொட்டின் மீதான தடை நிரந்தரமாக்கப்பட்டது. இசக்கியம்மாள் கூடையிலிருந்து தகட்டையும் தராசையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெறும் கூடையோடு படியிறங்கிப் போனாள். நிஷா வாசல்வரை வந்தாள். இசக்கியம்மாள் வாரேன் என்று சொல்லவில்லை.

நிஷா தன் இருக்கைக்குத் திரும்பினாள். உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. பயிற்சிப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே எழுதுவது எங்கும் சேராது.

இன்று திங்கட்கிழமை என்று எழுதினாள். விரலை வைத்தாள்.

தொண்ணூற்றைந்து.

விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். தொண்ணூற்றாறு.

அன்று வெள்ளிக்கிழமை.